ஒரு தெரு ஆண்கள் எல்லோரும் கடைக்குப் போயிருந்த கதை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மறுபடியும் வரப்போகிறது. இந்த முறை எல்லாம் போனில்தானாம். எங்கள் பள்ளியில் எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஷைனி டீச்சருக்கும் அந்தப் பணி வந்திருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு கையேடு தயாரிக்கிறார்கள், நீங்களும் எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். மாவட்ட வரலாறு ஒரு பக்கம், மக்கள்தொகை ஒரு பக்கம், சொந்த அனுபவம் அரைப் பக்கம் என்று கல்யாணத்துக்கு அரிசி அளப்பதுபோல அளந்தும் சொன்னாள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை, ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது அளவு கொஞ்சம் புரண்டுவிட்டது. ஷைனி மன்னிக்கவேண்டும்.

வரலாற்றை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. ஐம்பத்தாறில் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இதைப் பரீட்சைக்கு எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதப்போனால் அடி கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதல் கணக்கெடுப்புக்குத் திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அனுப்பினார்கள். அங்கே தெரு என்று ஒன்று கிடையாது. ஒரு விளைத் தோட்டத்தில் ஒரு வீடு, அடுத்த வீடு அடுத்த மேட்டில், நடுவில் ஒரு நாய். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பிறந்த இடம் என்று கேட்டதும் இந்த வீடுதான் என்றார். எந்த மாநிலம் என்றேன். திருவிதாங்கூர் என்றார். அப்படி ஒரு மாநிலம் இப்போது இல்லை, தமிழ்நாடு என்றுதான் எழுதவேண்டும் என்றேன்.

"நான் எங்கயும் போகல்ல மோளே. சர்க்காருதான் வந்தும் போயும் நிக்குது. அதுக்க பிறந்த இடத்தை எழுது" என்றார்.

தமிழ்நாடு என்றே எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, வந்தவளுக்குக் கொடுக்க வைத்திருந்த வறுத்த கொல்லாங்கொட்டையை, முந்திரிப்பருப்பைத்தான் சொல்கிறேன், தட்டோடு உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். வரலாறு முடிந்தது.

மக்கள்தொகை பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். சின்ன மாவட்டம், நெருக்கமான ஜனம். எல்லோரும் படித்தவர்கள். அதனால் நாம் ஒரு கேள்வி கேட்டால் அவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். மலைப்பக்கம் ரப்பர், நாஞ்சில் பக்கம் நெல், கடற்கரையில் மீன், எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். இங்கே ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்று எல்லாப் புத்தகத்திலும் பெருமையாகப் போட்டிருக்கும். படிப்பு, ஆஸ்பத்திரி, பெண்ணுக்கு மரியாதை என்று காரணமும் சொல்வார்கள். இருக்கலாம். ஆண்களைத் தேடி ஒரு தெரு முழுக்க அலைந்தவள் என்ற முறையில் எனக்கு வேறொரு காரணமும் தெரியும்.

அது போன தடவை நடந்தது. குழித்துறையில் இருந்த எனக்குத் தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடலோரத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே போன் வரும். பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் ஒரு பை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அந்தப் பையில் எதை வைக்கக்கூடாது என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் பிரியாணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உண்மையான பயிற்சி, மேற்பார்வையாளர் ஞானமுத்து சாரிடம் போன பிறகுதான் ஆரம்பமாயிற்று.

ஞானமுத்து சார் இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியர். எங்களைப்போல ஆறு பேர் எழுதிக் கொண்டுபோகும் படிவங்களைச் சரிபார்த்து வாங்குவது அவர் வேலை. படிவத்தை மடிக்கக்கூடாது, நனைக்கக்கூடாது, கட்டத்தை விட்டு ஒரு எண் வெளியே கால் நீட்டக்கூடாது, எல்லாம் இயந்திரம் படிக்கப்போவது. சார் ஒரு மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, வரி வரியாக ஸ்கேலை இறக்குவார். ஸ்கேல் நின்றால் நம் மூச்சும் நிற்கும். அவர் யாரையும் திட்டியதே இல்லை. தப்பு இருந்தால் "நல்லா இருக்கு டீச்சர்" என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுப்பார். சின்னத் தப்பு என்றால் நல்லா இருக்கு. பெரிய தப்பு என்றால் ரொம்ப நல்லா இருக்கு. முதல் வாரம் விஷயம் தெரியாமல் நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

விதிகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாகவேண்டும். பிப்ரவரியில் இருபது நாள் கணக்கெடுப்பு. அந்த இருபது நாளில் ஒரே ஒரு நாளாவது வீட்டில் இருந்தவரைத்தான் அந்த வீட்டில் எழுதவேண்டும். முழுவதும் வெளிநாட்டில் இருப்பவரை எழுதக்கூடாது. கட்டிய வீடு அவருடையதாக இருக்கலாம், வீட்டுக்கு அவர் பெயரே வைத்திருக்கலாம், ஆள் இல்லாவிட்டால் பெயர் இல்லை.

நான் போன தெருவில் எல்லாம் நல்ல வீடுகள். வாசல் படியில் பெண்கள் செருப்பு, பிள்ளைகள் செருப்பு, அவற்றோடு ஒரு ஜோடி ஆண் செருப்பு. கதவைத் திறக்கிற பெண்ணிடம் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் கணவர் பெயரைச் சொல்வாள். அவர் எங்கே என்றால், "அவிய இப்பதான் கடைக்குப் போனாவ டீச்சர்" என்பாள். என்ன வேலை என்றால் தம்மாமில் டிரைவர், துபாயில் கடை, குவைத்தில் மெக்கானிக். லீவில் வந்திருக்கிறாரா என்றால், ஓ, வந்திருக்காவ. எனக்கென்ன, எழுதினேன். சாயா குடித்தேன், கிண்ணத்தப்பம் தின்றேன், தெரு முழுக்க எழுதி முடித்தேன். இவ்வளவு ஒழுங்கான தெருவை நான் பார்த்ததே இல்லை என்று பெருமையோடு படிவங்களைச் சாரிடம் கொண்டுபோனேன்.

ஸ்கேல் இறங்கிற்று. இரண்டாவது படிவத்தில் நின்றது. மூன்றாவதில் நின்றது. பிறகு அவர் ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு டீச்சர்" என்றார். "ஒரு தெருவுல உள்ள ஆம்பிளையளு எல்லாரும் ஒரே நேரம் லீவுல வந்திருக்காவ. நோம்பும் இல்ல, பெருநாளும் இல்ல. வந்தவிய எல்லாரும் ஒரே நேரம் கடைக்கும் போயிருக்காவ. அந்தக் கடைய நீங்க பாத்தியளா?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கே கடைக்காரர்கூட இருந்திருக்கமாட்டார், அவரும் மஸ்கட்டில் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் பொய்யர்கள் அல்ல. ஆண் இல்லாத வீடு என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். யார் வந்து கேட்டாலும் அவிய கடைக்குப் போனாவ, பள்ளிக்குத் தொழப் போனாவ. கேட்பவள் டீச்சர் என்றாலும் வாய் தானாக அதைத்தான் சொல்லும். அந்தச் செருப்பும் அதற்காகவே வைத்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு வீட்டுச் செருப்பில் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. வகுப்பில் ஒருவன் காப்பியடித்தால் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடிக்கிறவள் நான். எனக்கே என்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மறுபடியும் வீடு வீடாக ஏறினேன். விஷயத்தைச் சொன்னதும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆண்கள் பெயர் போயிற்று. தலைவர் என்ற முதல் வரியில் மனைவிமார் பெயர் ஏறியது. என்ன டீச்சர், எலெக்சன்ல ஜெயிச்சிட்டேனா என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி அப்போதே கணவருக்குப் போன் போட்டு, இனிமேல் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். சாயா மறுபடியும் முதலிலிருந்து வந்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, மைமூன் வீட்டுக்கு வரும்வரை.

மைமூனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள், கூட மாமியார் கதீஜா உம்மா. கணவர் ஷாகுல் தம்மாமில் டிரைவர். அவர் ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பணம் வரும், எப்போதாவது போன் வரும், ஆள் மட்டும் அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனார். இதெல்லாம் பக்கத்து வீட்டில் சாயா குடிக்கும்போதே எனக்குச் சொல்லப்பட்டுவிட்டது. அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்ற செய்தியும் தாழ்ந்த குரலில் சேர்ந்து வந்தது.

நான் விதியைச் சொன்னேன். மைமூன் சிரிக்கவில்லை.

"அவியளுக்க பேரை வெட்டப்பிடாது டீச்சர்" என்றாள். "அவிய இனி வரமாட்டாவன்னு என் காதுபடவே ஊரு பேசுது. நீங்களும் வெட்டிட்டா, அது சரிதான்னு சர்க்காரே சொன்ன மாதிரி ஆயிரும்."

இந்தக் காகிதம் ரகசியம், ஊரில் யாரும் பார்க்கமுடியாது, கோர்ட்டில்கூடக் கேட்கமுடியாது என்று பயிற்சியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"யாரும் பாக்கமாட்டாவன்னா எழுதினா என்ன டீச்சர்?"

இருபத்தைந்து வருஷம் வகுப்பெடுத்தவள், பயிற்சியில் சொன்னதையே இன்னொரு தடவை சொன்னேன். கதீஜா உம்மாவும் சேர்ந்துகொண்டார். தன் மகன் உயிரோடுதான் இருக்கிறான், உயிரோடு இருப்பவனை இல்லை என்று எழுதினால் அல்லா பொறுக்கமாட்டான் என்றார். மைமூன் அழவில்லை, சண்டையும் போடவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயரை அடிக்காமலே படிவத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரே ஒரு பெயர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சாரிடம் கெஞ்சியும் பார்த்தேன். ஒரு பெயர் இருந்தால் ஒரு ஆள் கூடுதல், இந்திய தேசத்தில் ஒரு ஆள் கூடுதல் டீச்சர் என்றார். தேசத்தின் மொத்தக் கணக்கும் எங்கள் பையில்தான் இருப்பதுபோல அவர் பேசுவார்.

மறுநாள் காலை சாரே நேரில் வந்தார். குடையும் விதிப்புத்தகமுமாக மொபெட்டில் வந்து இறங்கினார். காக்கித்தாள் அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், திறக்கவேயில்லை. சாயா வாங்கிக் குடித்தார். பிறகு பரீட்சையில் வாய்மொழித் தேர்வு நடத்துவதுபோல ஆரம்பித்தார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது யார் என்றார். மைமூன் வாயைத் திறக்கும் முன் கதீஜா உம்மா, "இவதான்" என்றார். மூத்தவளுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது யார்? இவதான். பின்பக்கச் சுவர் மழையில் சரிந்தபோது கொத்தனாரைப் பிடித்து வந்தது? இவதான். அந்தக் கொத்தனும் ஒழுங்கா கெட்டல்ல, அவனை இவ விட்ட ஏச்சு கடல்வரை கேட்டுது சாரே என்று உம்மா உற்சாகமாகிவிட்டார். நாலைந்து கேள்விக்குப் பிறகு அவரே நிறுத்தி மருமகளைத் திரும்பிப் பார்த்தார், அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பவர்போல.

"பின்ன இவதான் தலைவி. அதை எழுத என்னத்துக்கு இவ்வளவு நேரம் சாரே? எனக்க மொவனுக்க காரியத்தச் சொல்லுங்க."

சார் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்க மொவனை நான் வெட்டல்ல உம்மா. இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதிக்குள்ள அவரு ஒரு நாள் இந்த வீட்டுல வந்து இருந்தா போதும். அவருக்கு ஒரு வரி விட்டு வச்சிருக்கோம். டீச்சர் வந்து எழுதுவா."

காலி வரி எல்லாப் படிவத்திலும் கீழே இருக்கிறதுதான். அரசாங்கமே ஷாகுலுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதுபோல சார் சொன்னார். விதிக்கு வெளியே ஒரு சொல்லும் இல்லை, பொய்யும் இல்லை. புதுப் படிவத்தில் முதல் வரியில் மைமூன் என்று எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். இருபத்தெட்டாம் தேதிதானே டீச்சர் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். அவர் வரப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆறு வருஷமாக வராதவர் பன்னிரண்டு நாளில் வருவாரா? இப்படி ஒரு ஆசையைக் கிளப்பிவிட்டாரே என்று திரும்பும் வழியெல்லாம் சார்மேல் ஆத்திரமாக இருந்தது.

அன்றைக்கே கதீஜா உம்மா தம்மாமுக்குப் போன் போட்டிருக்கிறார். என்ன சொன்னார் என்று பிறகு அவரே நடித்துக் காட்டினார். "ஏலே ஷாகுலு, உனக்க பொண்டாட்டி பேரு சர்க்காருக்க கடலாசுல முதல்ல ஏறியாச்சு. உனக்குக் கடைசியில ஒரு வரி கிடக்கு. இருபத்தெட்டுக்குள்ள வந்தா உண்டு, இல்லன்னா அதும் இல்ல." இவ்வளவுதான். ஷாகுலுக்கு அது என்ன காகிதம் என்றே புரியவில்லை. ரேஷன் கார்டா, பாஸ்போர்ட்டா, வீட்டுப் பத்திரமா? எதுவாக இருந்தாலும் பெயர் போய்க்கொண்டிருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. முதலாளி அரபியிடம் போய், எங்கள் நாட்டில் என் பெயரை அழிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். பாவம், அந்த மனிதர் பதறிப்போய்ப் பத்து நாள் லீவும் டிக்கெட்டும் கொடுத்துவிட்டார்.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மைமூன் போன் செய்தாள். "அவிய வந்தாச்சு டீச்சர்" என்றாள். நான் சாரிடம் போய் ஒரு புதுப் படிவம் கேட்டேன். கணவர் வந்துவிட்டால் முதல் வரியில் அவரைத்தானே மாற்றி எழுதச் சொல்வார்கள்? சார் படிவத்தை எண்ணித்தான் எடுத்துக் கொடுப்பார், சொத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோல முகம் வாடும். அன்றைக்கு உடனே எடுத்துக் கொடுத்தார். தலைவர் யாரென்று வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்லவேண்டும், நாம் சொல்லக்கூடாது, அது மட்டும் ஓர்மை இருக்கட்டும் என்றார். தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸைப் பிடித்தேன்.

வீட்டு மதிலோரம் தெருப் பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி முறத்தோடு வந்திருந்தாள், அதில் அரிசி இல்லை. உள்ளே ஷாகுல் தேய்த்த சட்டையும் சாயம் போட்ட தலையுமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், சொந்த வீட்டில் பெண் பார்க்க வந்தவர்போல. இளைய மகள் தூணுக்குப் பின்னால் நின்று அவரை அளந்துகொண்டிருந்தாள். நான் உட்காருமுன் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார்.

"டீச்சர், உம்மாக்குக் காரியம் தெரியாம பொம்பளைக்க பேரை முதல்ல எழுதிட்டிய. நான் வந்தாச்சுல்லா, மாத்திருங்க" என்றார்.

நான் புதுப் படிவத்தை எடுத்து விரித்தேன். பேனாவைத் திறந்துவிட்டு, சார் சொன்ன ஓர்மையில், தலைவர் யார் என்று பொதுவாகக் கேட்டேன். ஷாகுல் சிரித்தார். அடுக்களை வாசலில் மைமூன் நின்றுகொண்டிருந்தாள்.

"புதுசு எதுக்கு டீச்சர்?" என்றாள். "பழசுல ஒரு வரி கிடக்குல்லா. அதுல எழுதுங்க."

"கடைசியிலயா?" என்றார் ஷாகுல். தாயைப் பார்த்தார்.

"கிடைச்சதே பெரிசு. பேசாம இருலே" என்றார் கதீஜா உம்மா.

அந்த வீட்டில் தலைவர் யார் என்பதை அன்றைக்கு நான் எழுதவேண்டிய தேவையே இருக்கவில்லை. பழைய படிவத்தை எடுத்தேன். மாமியார், பிள்ளைகள் எல்லோருக்கும் கீழே ஷாகுல் என்று பெயரை எழுதினேன். பெயருக்கு அடுத்த கேள்வி, தலைவருக்கு என்ன உறவு என்பது. நானாகச் சேர்த்ததல்ல, அச்சடித்திருப்பது. கேட்டேன்.

அவர் மைமூனைப் பார்த்தார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. பதிலுக்காக அவளும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதிலுக்கு மேல் தலைகள் எழும்பின. ஆறு வருஷமாக ஊர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது, நான் படிவத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். ஷாகுல் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார்.

வகுப்பில் பழகிய வாய், சும்மா இருக்கவில்லை. "கேக்கல்ல, உரக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நிற்பதுபோலவே நின்றார்.

"புருசன்" என்றார். மதிலுக்கு வெளியேயும் கேட்டது.

நான் குனிந்து எழுத ஆரம்பித்தேன். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு கட்டம் எது, கோடு எது என்று தெரியவில்லை. மைமூன் பக்கத்தில் வந்து நின்றது மட்டும் தெரிந்தது. அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா அழுத்தி எழுதுங்க டீச்சர்" என்றாள்.